கபிலர் கண்ட காதல்

சங்கப் புலவருள் மலையையும் மலைவாழ்நர் காதலையும் பாடுவதிற் கபிலரை ஒப்பார் பிறர் இலர் என்பது தமிழறிஞர் பலர்க்கும் உடன்பாடு. அவர் பாடியனவாக நமக்குக் கிடைத்துள்ள செய்யுட்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டன. அவற்றுட் பெரும்பாலன காதலைப் பற்றியனவே. ஆயினும் அவர்தம் வாழ்க்கை காதற்களிப்பு மிக்கதொரு வாழ்க்கையாக நமக்குத் தோன்றவில்லை. நண்பனை இழந்து, அவன் மகளிரை உடனழைத்துக்கொண்டு அரசர் வாயில்தோறும் சென்று, மணம் மறுக்கப்பெற்று மீண்ட ஒருவரையே புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. அகம் பாடிய கபிலரும் இவரும் ஒருவரே என்பதை மனத்திற்கொண்டு அவர் வரலாற்றை நோக்குவோமாயின், காதலைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து யாதென்பது ஒருவாறு புலப்படும்.

கபிலரைப் பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதைகள் பல. வள்ளுவர்க்கும் ஔவைக்கும் உடன்பிறந்தவர் என்னும் கதை அவற்றுள் மிகப் பரவியது. மிகவும் நம்பத்தகாததும் அதுவே. பாண்டிநாட்டுத் திருவாதவூரிற் பிறந்தவர் என்பது திருவிளையாடற் கதைகளின் வழிவந்த மரபு. அந்தணர் என்பது மட்டும் ஐயமற்றது. அரசர்முன் நின்று அவரே அதனைக் கூறிக்கொள்கின்றார். பதினோராந் திருமுறையிற் காணப்படும் கபிலதேவரும், கபிலரகவல் செய்தவரும் பிற்காலத்தவர். தொல்கபிலர் என்பாரும் வேறொருவர். யாம் பேச எடுத்துக்கொண்டவர் பாரியின் நண்பராகிய கபிலர் ஒருவரே.

அவர் காதலைப் பாடிய முறையை அறிதற்கு முன்னையோர் கூறிய இலக்கணம் ஒன்றனை நினைவுகூர்தல் வேண்டும். உலகத்தில் உள்ளதை உள்ளவாறே கூறுவது உலகியல் வழக்கு. இனியனவும் சிறந்தனவுமாகிய எல்லாம் ஓரிடத்தே ஒருங்கு வந்தனவாகப் புனைந்து கூறுவது நாடக வழக்கு. இவ்விரண்டும் கலந்ததே அகப்பொருள் பாடும் புலவர் நெறி என்றார் தொல்காப்பியர். இக்காலத்தார் இலட்சியம் என்றும் யதார்த்தம் என்றும் பிரித்து வழக்காடுவதை அவர் ஒரே சூத்திரத்திற் சேர்த்து வைத்தமை நோக்கத்தக்கது. அகத்திணையிற் காதலர் எவரையும் இயற்பெயர் சுட்டிப் பாடலாகாது என்பதும் அவர் வகுத்த விதியே. பெயர் வெளிப்பட்டால் அது புறமாகிவிடும். இவ்விதி கபிலர் வாழ்க்கையில் எத்துணைப் பொருள் உடையதாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆங்கில வகுப்பிற் பயிலும் நம் மாணவர்க்கு இவ்வழக்கு முற்றிலும் புதியதன்று. கிறித்தபர் மார்லோ தம் பாட்டில் ஓர் இடையனைப் பேசவிட்டார். அவ்விடையன் தன் காதலிக்கு ரோசாமலர்ப் படுக்கையும், ஆட்டுக்குட்டியின் மென்மயிரால் நெய்த ஆடையும் தருவேன், உடன் வந்து வாழ்வாய் என்று அழைக்கின்றான். மார்லோ 1593ஆம் ஆண்டில் இளமையிலேயே இறந்தார். 1600ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகைநூலில் அப்பாட்டும், சர் வால்டர் ராலியின் பெயரால் வழங்கும் அதன் மறுமொழியும் அடுத்தடுத்து அச்சேறின. மறுமொழியிற் பேசுபவள் அக்காதலியே. மலர் வாடும், ஆடை கிழியும், இடையர் நாவெல்லாம் மெய்ம்மை பேசுவன அல்ல, ஆதலின் வாரேன் என்பது அவள் விடை. ஒருவர் கட்டிய மாளிகையை மற்றொருவர் தட்டிப் பார்த்தது போன்றது இது. கபிலரிடத்தோ அழைப்பும் மறுமொழியும் ஒருவர் நாவினின்றே பிறந்தன.

அவர் பாடிய நிலம் எத்தகையது என்று காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தேனியினின்று கம்பம் நோக்கிச் செல்லும் பெருவழியில் நின்று இருமருங்கும் நோக்கினாற் போதும். வலப்புறம் குடமலைத் தொடர். இடப்புறம் மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே ஓடும் ஆற்றிற்கு முல்லையாறு என்றே பெயர். 1895ஆம் ஆண்டிற் பெரியாற்றணை முடிந்து, மேற்கே கடலிற் கலந்த நீர் இப்பக்கம் திருப்பப்பட்ட பின்னர்ப் பள்ளத்தாக்கின் நடுவிடம் நெல்லும் தென்னையும் மல்கிய மருதமாயிற்று. அடிவாரத்தில் மலைமாடுகளைக் காட்டிற்குள் ஓட்டிச் செல்வாரையும், மேற்சாரலில் வள்ளிக்கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த பளியரையும் அறிந்தவர்க்குச் சங்கநூல்களின் முல்லையும் குறிஞ்சியும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

இந்நிலத்து ஆயர் வாழ்வு குழலூதிக் களித்திருந்த வாழ்வு மட்டும் அன்று என்பதற்கு இங்கேயே சான்றும் கிடைத்துள்ளது. ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பழைய நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிக்கின்றது. ஆகோள் என்பது பிறர் ஆநிரையைக் கவர்தல். அக்கூடலூர் கம்பத்தை அடுத்துள்ள இன்றைய கூடலூரே எனக் கருதுவாரும் உளர். நிரைப்பூசலில் ஒருவன் பட்டான் எனின், மாலையில் அவன் வரவை நோக்கி இருந்தாள் ஒருத்தியும் இருந்திருப்பாள் அன்றோ? முல்லைத் திணைக்கு இருத்தலை உரிப்பொருளாக வைத்தவர்கள் இதனை அறியாமல் வைத்திலர்.

இனிக் கபிலர் செய்த குறிஞ்சிப்பாட்டை நோக்குவோம். ஆரிய அரசன் பிரகத்தன் என்பானுக்குத் தமிழ் அறிவுறுத்தற்பொருட்டு இதனை இயற்றினார் என்பது பழைய குறிப்பு. 261 அடிகளால் ஆகிய இப்பாட்டு முழுவதும் தோழியொருத்தி செவிலித்தாயிடம் கூறும் ஒரு விளக்கமே. தினைப்புனம் காக்கச் சென்ற மகளிர் இருவர் அருவியில் ஆடுகின்றனர். மலர் பறித்துப் பாறையிற் குவிக்கின்றனர். அம்மலர்களுள் 99 பெயர்களைக் கபிலர் வரிசையாக அடுக்குகின்றார். பன்னீராண்டிற்கு ஒருமுறை மலைமுழுதும் பூப்பதும், 2006லும் 2018லும் நம் மலைகளில் நீலம் விரித்ததுமாகிய குறிஞ்சி அவற்றுள் ஒன்று. இத்தனை பூவும் ஒரே பொழுதில் ஒரே பாறையிற் குவியுமோ என்று தாவரநூல் கற்ற மாணவர் வினவலாம். குவியா. அதுவே நாடக வழக்கு. ஆரிய அரசனுக்கு ஒரே பாட்டில் மலைநாடு முழுவதையும் காட்ட வேண்டியிருந்தது போலும்.

பின்னர் வேட்டைநாய் சூழ்ந்துகொள்ள மகளிர் நடுங்குகின்றனர். அவற்றின் பின்னே தலைவன் வருகின்றான். சற்றுப்பொழுதில் மதயானை ஒன்று தோன்ற, அவர்கள் நாணத்தை மறந்து அவன்பால் ஓடுகின்றனர். அவன் அம்பெய்து யானையை ஓட்டுகின்றான். மலையுறை தெய்வத்தை வாழ்த்தி, அருவிநீர் உண்டு, ஊரறிய மணப்பேன் என்று சூளுரைக்கின்றான். இவ்வளவில் முடிந்திருப்பின் இஃது அழகிய கனவாக மட்டும் நின்றிருக்கும். கபிலர் அவ்வாறு நிறுத்தவில்லை. தலைவன் இரவுதோறும் வருகின்றான். ஆனால் வரும் வழியிற் புலியும் பாம்பும் முதலையும் உள. அவற்றை நினைந்து தலைவி உறங்காது அழுகின்றாள். அருவியும் பூவும் நிறைந்த அப்பாட்டு ஓர் அச்சத்தோடுதான் முடிகின்றது.

சிறுபாட்டுகளில் இவ்விருமையை இன்னும் தெளிவாகக் காணலாம். நற்றிணையின் முதற்பாட்டுக் கபிலருடையது. அதன் தலைவி தன் காதலனை ஒருபோதும் சொற்பிறழாதவன், பிரிதலே அறியாதவன் என்கின்றாள். தாமரையின் தாதை ஊதிய வண்டு சந்தனமரத்தில் வைத்த தேனைப்போன்றது சான்றோர் நட்பு என்று அவள் நெஞ்சு அமைகின்றது. குறுந்தொகையில் மற்றொரு தலைவியைக் காட்டுகின்றார். இவளும் களவில் ஒருவனைக் கூடியவளே. ஆனால் அவன் சொல்லில் இவளுக்கு உறுதி இல்லை. அன்று அங்கே வேறு எவரும் இலர், அவனே கள்வன், அவன் பொய்த்தால் யான் யாது செய்வேன் என்கின்றாள். உடனே ஒன்று நினைவுக்கு வருகின்றது: ஒரு நாரையும் இருந்தது. தினைத்தாள் போன்ற மெல்லிய காலை உடைய அந்நாரை ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்து நின்றது.

சான்று சொல்லத் தக்கது அஃதொன்றே. அதுவும் வாய்பேசாப் பறவை. அன்றியும் அதன் கண் மீன்மேல் இருந்ததே ஒழிய இவர்கள்மேல் இல்லை. ராலியின் காதலி வரமாட்டேன் என்று முன்னரே விலகிக்கொண்டாள். இவளோ நம்பி வந்துவிட்டவள். ஆதலின் இவள் நிலை அவள் நிலையினும் கொடியது. உலகிற் பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கூறியதன் பொருள் இந்நாரையைக் கண்டவர்க்கு நன்கு விளங்கும். ஊரார் கூடி நிற்கும் மணம் என்பது நாரைக்குப் பதிலாக நாவுடைய மனிதரைச் சான்றாக வைத்தலே அன்றோ?

இத்தகைய பாட்டு இஃதொன்றே அன்று. மெல்லிய கொம்பிற் பெரும்பலாக்கனி தொங்குதல் போல இவள் உயிர் சிறிது, காதலோ பெரிது என்று தோழி தலைவனை எச்சரிக்கின்றாள் ஒரு பாட்டில். கொம்பு எத்துணை நாள் தாங்கும் என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. பிறிதொன்றில் மயில் பாறைமேல் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் குரங்குக்குட்டி உருட்டித் திரிகின்றது. குட்டிக்கு அது விளையாட்டு, முட்டைக்கோ உயிர். தலைவன் நட்பு நல்லதே, ஆனால் பிரிவைப் பொறுக்க வல்லார்க்கே நல்லது என்று அத்தலைவி பேசுகின்றாள். அவள் அவனை வெறுக்கவில்லை. வெறுக்காமலே அவன் கையிற் கிடக்கும் தன் உயிரின் நிலையை அறிந்திருக்கின்றாள்.

கலித்தொகையிற் குறிஞ்சிக்கலி 29 பாட்டும் கபிலருடையன என ஒரு பழைய வெண்பா கூறும். நடையும் சொல்லும் வேறுபடுதலின் இதனை ஐயுறுவார் பலர். எமக்கும் அவ்வையம் உண்டு. எனினும் அதிலுள்ள ஒரு காட்சியைக் கூறாமல் விடுதல் இயலாது. சிறுவயதில் மணல்வீட்டைக் காலாற் சிதைத்து ஓடிய குறும்பன் வளர்ந்து, ஒருநாள் வாயிலில் நின்று உண்ணுநீர் கேட்கின்றான். நீர்கொடுக்க வந்தவளின் கையைப் பற்றுகின்றான். அவள் அலற, தாய் ஓடிவர, நீர் விக்கினான் என்று மகள் சொல்லிவிடுகின்றாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கின்றாள். அவன் கடைக்கண்ணால் இவளைக் கொல்வான் போல் நோக்கி நகுகின்றான். அருவியும் யானையும் இல்லாத இக்காதல் எந்த ஊரிலும் நிகழக்கூடியது. பாடியவர் எக்கபிலராயினும் ஆகுக.

இதுகாறும் கண்டவை பெயரில்லாக் காதலர் கதைகள். இனிப் பெயருடையோர் கதைக்கு வருவோம்.

பேகன் வையாவி நாட்டுத் தலைவன். வையாவி இன்றைய பழனியைச் சார்ந்தது. பெரியகுளத்தில் நின்று வடக்கே நோக்குவார்க்கு வானளாவித் தோன்றும் தொடர் அப்பழனிமலையே. அதன் மறுபுறச் சாரலே பேகன் நாடு. கானமயில் குளிரால் நடுங்கிற்று என எண்ணித் தன் போர்வையை ஈந்தவன் என்று இவனைப் புலவர் புகழ்ந்தனர். அத்தகையவன் தன் மனைவியைக் கைவிட்டு நல்லூரில் வேறொருத்தியுடன் வாழ்ந்தான். கைவிடப்பட்டவள் பெயர் கண்ணகி. கம்பம் பள்ளத்தாக்கினர் கண்ணகி என்றவுடன் சித்திரைப் பௌர்ணமியில் மலையேறிக் காணும் மங்கலதேவி கோயிலை நினைப்பர். அவள் சிலப்பதிகாரத்துக் கண்ணகி, இவள் வேறு. ஆயினும் இருவர்க்கும் நேர்ந்த துயரின் தொடக்கம் ஒன்றாக இருத்தல் வியப்பே.

கபிலர் பேகனிடம் சென்று அவனைக் கடிந்துரைக்கவில்லை. பசித்த சுற்றத்தோடு நேற்று ஒரு வாயிலில் நின்று நின்னையும் நின் மலையையும் பாடினேம். அங்கே ஒருத்தி கண்ணீரை நிறுத்தமாட்டாளாய்க் குழல் ஏங்கினாற்போல விம்மி அழுதாள். இரங்கத்தக்க அவள் யாரோ என்று அவனையே வினவுகின்றார். அப்பாட்டின் தொடக்கத்தில், மழை வேண்டிப் பலியிட்ட குறவர், மழை மிகுந்தபின் அது மேலே போகுக என்று மீண்டும் கடவுளைத் தொழுது, பின் தினை உண்ணும் செய்தி வருகின்றது. வேண்டினால் வானத்து மழையும் நிற்கும்; வேண்டியும் நில்லாதது அவள் கண்ணீர் என்று யாம் இதற்குப் பொருள் கொள்கின்றோம். பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய மூவரும் இவள்பொருட்டே பேகனைப் பாடினர். அரிசில்கிழார் பொன்னும் அணியும் வேண்டாம், தேர்பூட்டி அவள்பாற் செல்வதே எமக்குப் பரிசில் என்றார். வயிறு பசித்த புலவர் பரிசிலை மறுத்துப் பிறர் மனையாள் துயர்க்காக வழக்காடிய இச்செய்தி நம் இலக்கியத்தில் மிகப்பெரியது. பேகன் தேர் பூட்டினானா என்பதை அப்பாட்டுகள் கூறவில்லை.

பாரியின் கதையை யாவரும் அறிவர். ஆதலிற் சுருங்கக் கூறுதும். பறம்பு இன்றைய பிரான்மலை. மூவேந்தரும் முற்றியபோது கபிலர் அரணுள் இருந்து அவர்களை எள்ளிப் பாடினார். முந்நூறு ஊரும் இரவலர் பெற்றுவிட்டனர். எஞ்சியோர் பாரியும் யாமும் இம்மலையுமே. ஆடியும் பாடியும் வருவீராயின் அவற்றையும் தருவான் என்பது அவ்வெள்ளல். பாரி வீழ்ந்தான். அவன் மகளிர் இருவரும் சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்புநோக்கிப் பாடிய சிறுபாட்டு ஒன்று புறநானூற்றில் உளது. அன்று தந்தையும் மலையும் இருந்தன. இன்று இரண்டும் இல்லை. அங்கவை சங்கவை என்னும் அவர் பெயர்கள் பிற்கால வழக்கு.

அம்மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் முதலில் விச்சிக்கோனிடம் சென்றார். முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தவன் மகளிர் இவர், யான் அந்தணன், யான் கொடுப்ப நீ கொள்க என்றார். அவன் கொள்ளவில்லை. பின்னர் இருங்கோவேளிடம் சென்று, வடபால் வேள்விக்குண்டத்திற் பிறந்து 49 தலைமுறை ஆண்ட குடி நின் குடி எனப் பாராட்டி வேண்டினார். அவனும் மறுத்தான். கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தமையால் நின் முன்னோர் நகராகிய அரையம் அழிந்தது என்று நினைவூட்டி, சினந்து வெளியேறினார். மூவேந்தர் பகைக்கு அவ்விருவரும் அஞ்சினர் என்பது அறிஞர் கருத்து. முல்லைக்குத் தேர் கிடைத்தது. மயிலுக்குப் போர்வை கிடைத்தது. பாரி மகளிர்க்கு ஒரு மனை கிடைக்கவில்லை.

குறிஞ்சிப்பாட்டில் யானைக்கு அஞ்சிய மகளிர் ஓடி அணைவதற்கு ஒரு தலைவன் உடனே தோன்றினான். அதனை எழுதியவரே, உலகில் அத்தலைவனைத் தேடிக் கால்நோவ நடந்தார், கண்டிலர். ஆயினும் காதல் பொய் என்றோ, மணம் வீண் என்றோ ஓரிடத்தும் அவர் கூறினாரில்லை. நாரை செய்யமாட்டாததைத் தாம் செய்யப் புகுந்தார். பேகன்முன் கண்ணகிக்கும், அரசர்முன் பாரி மகளிர்க்கும் பெயர் சுட்டிச் சான்றாக நின்றார். அகத்தில் மறைத்த பெயரைப் புறத்தில் உரத்துக் கூறியது இதன்பொருட்டே என்று யாம் எண்ணுகின்றோம்.

பாரி இறந்தபின் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கண்டார். பாரி மீளா உலகம் சென்றான் என்பதற்காக நின்பால் இரக்க வந்தேன் அல்லேன் என்று தொடங்கி அவர் பாடியதே பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து. அதற்குச் சேரன் நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ணிற் கண்ட நாடும் கொடுத்தான் எனப் பதிகம் கூறும். இத்துணைப் பொருள் பெற்ற பின்னரும் அவர் மனம் பறம்பை விட்டு அகன்றதாகத் தெரியவில்லை.

மலையமான் திருமுடிக்காரியையும் கபிலர் பாடியுள்ளார். காரியின் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ளார்; அஃது அந்தணர்க்கு உரியது. மூவேந்தரும் துணைவேண்டி விடுக்கும் பொருளோ பரிசிலர்க்கு உரியது. அவனுக்கென்று எஞ்சியது கற்பிற் சிறந்த மனைவியின் தோள் ஒன்றே; அதுவே அவன் பெருமிதம் என்கின்றார். கபிலர் புறத்திற் பாடிய இல்லறக் காதலுள் இதனினும் இனியது யாம் கண்டதில்லை. பேகனைக் கண்ட கண்ணே இக்காரியையும் கண்டது.

கடைசியில் அவர் மகளிரைப் பார்ப்பார் பொறுப்பில் விட்டு, வடக்கிருந்து உயிர்நீத்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பு உரைக்கும். என்னை உடன் வர விடாது நிறுத்தினாய், ஆயினும் மறுபிறப்பிலும் நின்னோடு கூடி வாழ ஊழ் கூட்டுக என்று பாரியை நினைந்து பாடிய பாட்டும் அங்கே உளது. திருக்கோவலூர் வீரட்டானத்தில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று இதனைச் சிறிது வேறுபடக் கூறுகின்றது: பாரி தன் அடைக்கலமாக வைத்த பெண்ணைக் கபிலர் மலையற்குக் கொடுத்து, பின் தீப்புகுந்தார் என்பது அதன் செய்தி. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை இன்றும் கபிலக்கல் என்பர். கபிலர் பெயரும் பாரி பெயரும் அக்கல்வெட்டில் உள்ளன. மணமகளின் பெயர் அதில் இல்லை.